ஜாக்கி ராபின்சன் நாடகம்: 28 அடி மேடையில் பேஸ்பாலை எப்படிக் காட்டுவது?

அரங்கமணி (இழையைத் தொடங்கியவர்)

கறுப்பினத்தவரைச் சேர்க்காத அமெரிக்க பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனைப் பற்றிய 90 நிமிடத் தமிழ் நாடகம். பிரதி முக்கால்வாசி முடிந்துவிட்டது. மேடை 28 அடி அகலம், 20 அடி ஆழம். நடிகர்கள் எட்டுப் பேர். 1945 ஆகஸ்ட் 28 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கியின் அலுவலகத்தில் தொடங்கி, 1947 ஏப்ரல் 15 அன்று டாட்ஜர்ஸின் மைதானமான எபெட்ஸ் ஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் ராபின்சன் பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பதோடு முடிகிறது.

சிக்கல்கள்: ஆட்டத்தை மேடையில் எப்படிக் காட்டுவது, வசைகளைத் தமிழில் எப்படிச் சொல்வது, உடை, பேஸ்பாலே தெரியாத பார்வையாளருக்கு விதிகளைப் புரியவைப்பது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரண்டாம்_தளம்

முதலில் அந்த முடிவை மாற்றுங்கள். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் ஒரு ஹிட்கூட, அதாவது அவுட் ஆகாமல் ஓடிச் சேரக்கூடிய ஒரு அடிகூட, அடிக்கவில்லை. பாஸ்டன் பிரேவ்ஸ் அணியின் ஜானி செய்ன் பந்துவீச்சில் முதல் மூன்று முறையும் அவுட். ஏழாவது இன்னிங்ஸில் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடினார், எதிரணி எறிந்த பந்து பிசகியது, தப்பினார், பிறகு ஓட்டம் எடுத்தார். டாட்ஜர்ஸ் 5-3 என்று வென்றது. அவ்வளவுதான் அன்றைய ஆட்டம். அந்த நாளின் கனம் அவர் களத்தில் கால் வைத்ததில் இருக்கிறது. அதில் சிக்ஸரைத் திணித்தால் விவரம் தெரிந்தவர் ஒருவர் அரங்கில் இருந்தாலும் நாடகம் அங்கேயே சரிந்துவிடும்.

வெற்றிக் காட்சி வேண்டுமென்றால் உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. 1946 ஏப்ரல் 18, ஜெர்சி சிட்டி ரூஸ்வெல்ட் ஸ்டேடியம். டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணியான மான்ட்ரியல் ராயல்ஸுக்கு அவருடைய முதல் ஆட்டம். ஐந்து முறை பேட் பிடித்து நான்கு ஹிட், அதில் ஒன்று மூன்று ரன் ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பது). இரண்டு பேஸ் திருட்டு. ஓட்டக்காரர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்கள்தான் பேஸ், யாரும் பந்தை அடிக்காமலேயே அடுத்ததற்கு ஓடிச் சேர்வது திருட்டு. ராயல்ஸ் 14-1. ஹோம் ரன் அடித்து வந்தவருக்கு ஹோம் பிளேட்டில் (மட்டை பிடிப்பவர் நிற்கும் இடம், நான்காவது பேஸும் அதுவே) நின்று கை கொடுத்தவர் வெள்ளையரான ஜார்ஜ் ஷுபா. அதன் புகைப்படமே இருக்கிறது.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். பந்து வீசும் பிட்சரிடமிருந்து ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம், ஒரு பேஸிலிருந்து அடுத்தது 90 அடி. உங்கள் மேடையின் அகலம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆகவே அடிப்பதைக் காட்ட முயலாதீர்கள், பேஸ் திருட்டைக் காட்டுங்கள். பேஸை விட்டு ஓட்டக்காரர் விலகி நிற்பதை லீட் என்பார்கள். அது 10 முதல் 12 அடி. உங்கள் மேடைக்குள் அளவு குறையாமல் அடங்குகிற ஒரே விஷயம் இதுதான். ராபின்சனின் தனித்தன்மையும் இங்கேதான் இருந்தது. 1947-இல் 29 திருட்டு, டாட்ஜர்ஸ் ஆடிய நேஷனல் லீகில் அந்த ஆண்டு அதுதான் அதிகம்.

இடம் பிரிப்பது இப்படி. ஹோம் பிளேட் பார்வையாளர் நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது முதல் பேஸ் பார்வையாளருக்கு வலப்பக்கம், முன்மேடையில். பிட்சர் நடுமேடையில், சற்றுப் பின்தள்ளி. லீட் மூலைவாட்டில் பின்மேடை நோக்கிப் போகும். வலக்கைப் பிட்சர் வீசத் தயாராகும்போது அவர் மார்பு மூன்றாம் பேஸைப் பார்த்திருக்கும், அதாவது பார்வையாளருக்கு இடப்பக்கம். முதல் பேஸை நோட்டமிட அவர் இடது தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பும்போது அவர் முகம் பார்வையாளரைக் கடந்து சுழன்று போகும். அந்த முகத்தில் இருக்கிற பதற்றத்தை அரங்கு முழுவதும் பார்க்கும். ராபின்சன் முன்னங்காலில் துள்ளுகிறார், பிட்சர் திரும்புகிறார், ராபின்சன் நின்றுவிடுகிறார். மூன்று முறை. நான்காவது முறை ஓடுகிறார், விளக்கு அணைகிறது. பந்தே தேவையில்லை.

ஒலிமேடை

பந்து தேவையில்லை என்பதை நூற்றுக்கு நூறு வழிமொழிகிறேன். நிஜப் பந்து 142 முதல் 149 கிராம், தக்கை மையத்தில் கம்பளி நூல் சுற்றித் தோல் போர்த்தது. கை தவறி முதல் வரிசையில் விழுந்தால் யாருக்காவது பல் போகும். ஒத்திகையில்கூட வேண்டாம்.

ஒலியில் பெரும்பாலும் பிசகுவது ஒத்திசைவு. மட்டை வீச்சை நடிகர் காட்டிய பிறகு ‘டக்’ என்ற ஒலி கால் விநாடி தள்ளி வந்தால் அரங்கு சிரித்துவிடும். காரணம் இரண்டு. ஒன்று, ஒலியை வரிசையாகப் பதிந்து ஓடவிட்டு நடிகரை அதைத் துரத்தச் செய்வது. இன்னொன்று புளூடூத் ஸ்பீக்கர். அதில் தாமதம் உள்ளேயே இருக்கிறது, சரிசெய்ய முடியாது. கம்பி இணைப்பு மட்டும் பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது, பக்கத் தட்டிக்குப் பின்னால் ஒருவரை நிறுத்தி, நடிகரின் தோளைப் பார்த்தபடி நேரடியாகத் தட்டச் சொல்வது. நன்கு காய்ந்த மரக்கட்டைகள் இரண்டு போதும். உள்ளே வெற்றிடம் இருக்கும் கட்டை ‘டொக்’ என்னும். கெட்டிக் கட்டைதான் மட்டையின் ஒலிக்குப் பக்கத்தில் வரும்.

மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கிளவில் பந்து விழும் சத்தத்துக்குப் பழைய தோல் கிளவ் ஒன்று வாங்கி, உள்ளங்கைக் குழியில் முட்டியால் குத்துங்கள். புதிய கிளவ் விறைப்பாக இருக்கும், ஒலி வராது. எண்ணெய் தடவி மடித்துக் கட்டி ஒரு வாரம் வைத்தால் பதம் வரும்.

கூட்டத்தின் இரைச்சலை ஒரே கோப்பாக ஓடவிடாதீர்கள். எபெட்ஸ் ஃபீல்டுக்கென்று தனி ஒலி உண்டு. கிளாடிஸ் குடிங் வாசித்த ஆர்கன், ஹில்டா செஸ்டர் என்ற ரசிகை ஆட்டிய மாட்டு மணி. இரைச்சலுக்கு நடுவே அந்த மணி மட்டும் தனியாக இரண்டு முறை கேட்டால் இடம் வந்துவிடும்.

தையல்_ஊசி

உடையில் எல்லோரும் செய்கிற தவறு, மார்பில் சிவப்பு எண். டாட்ஜர்ஸ் சட்டையின் முன்பக்கம் சிவப்பு எண் வந்தது 1952-இல். 1947 சட்டையில் முன்னால் நீலத்தில் சாய்வெழுத்தாக ‘டாட்ஜர்ஸ்’ மட்டும், 42 முதுகில். முதுகில் பெயர் கிடையாது. மான்ட்ரியலில் அவர் எண் 9. தலையில் துணித் தொப்பி. இன்றைய ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் காலமே மாறிவிடும்.

துணி அன்று கம்பளி ஃப்ளானல், தொளதொளவென்று இருக்கும். உடம்போடு ஒட்டும் பாலியஸ்டர் வெட்டு கண்ணை உறுத்தும். முழுக் கம்பளி மேடை விளக்கில் தாங்காது, பருத்தி கலந்த கனத் துணி எடுங்கள். வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் காட்சி முடிந்து துவைத்ததும் காற்சட்டை முழங்காலுக்கு மேல் ஏறிவிடும். முழங்கால் பட்டை உள்ளே போட இடம் வேண்டுமென்பதால் தொடையில் இரண்டு அங்குலம் கூடுதல் விடுங்கள். சறுக்கி விழும் நடிகருக்கு மட்டும் இரண்டு செட்.

காலணியில் நிஜ உலோக ஸ்பைக்ஸ் (அடி முட்கள்) வேண்டாம், பலகையைக் கிழிக்கும். ரப்பர் அடி போதும். ஆனால் உடைமாற்றும் அறையிலிருந்து டக்அவுட்டுக்கு (களத்தோரத்தில் அணி உட்காரும் இடம்) நடந்து வரும்போது சிமெண்டில் உலோகம் உரசும் ‘சரக் சரக்’ ஒலி, நடிகர் வருவதற்கு முன்பே விங்ஸிலிருந்து கேட்க வேண்டும். ஒரு தகர முள் பதித்த பலகையைக் கல்லில் தேய்த்தால் கிடைக்கும்.

அணியின் சின்னங்கள் வணிகச் சின்னங்கள். டிக்கெட் விற்கிறீர்கள் என்றால் அனுமதி கேளுங்கள், அல்லது எழுத்தை வேறு வடிவில் தைத்துவிடுங்கள்.

ஏட்டுச்சுருள்

களத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நாடகம் இருப்பது ரிக்கியின் 215 மாண்டேக் தெரு அலுவலகத்தில்தான். அறையில் மூன்றே பேர். ரிக்கிக்கு வயது 63, ராபின்சனுக்கு 26, திறன் தேடும் கிளைட் சுகெஃபோர்த்துக்கு 43. சந்திப்பு ஏறக்குறைய மூன்று மணி நேரம். கறுப்பினத்தவருக்கென்றே தொடங்கவிருக்கும் பிரவுன் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்துத்தான் ராபின்சன் உள்ளே வருகிறார். ரிக்கி கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, உனக்கு ஒரு பெண் இருக்கிறாளா என்பது. அவருக்கு ரேச்சல் ஐசமோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது. பிறகு உண்மை வெளியே வருகிறது. அதற்குப் பிறகு ரிக்கி தானே நடிக்கத் தொடங்குகிறார். அறை தர மறுக்கும் விடுதி எழுத்தராக, சாப்பாடு போட மறுக்கும் பணியாளாக, ஸ்பைக்ஸைக் காட்டிப் பாயும் ஆட்டக்காரராக, முகத்தில் குத்தவரும் எதிரியாக. திருப்பி அடிக்காமல் இருக்கிற துணிச்சல்தான் தனக்கு வேண்டும் என்கிறார். நாடகத்துக்குள் நாடகம். இதை மேடைக்காரர் யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நடந்ததே அதுதான்.

இந்தக் காட்சிக்கு 25 நிமிடம் கொடுங்கள். ரிக்கி ஓயாமல் அசைய வேண்டும், ராபின்சன் அசையவே கூடாது. ராபின்சனாக நடிப்பவருக்குக் கைப்பிடி உள்ள நாற்காலி கொடுங்கள். முதல் வசைக்கு விரல்கள் கைப்பிடியைத் தட்டுகின்றன, மூன்றாவதற்குப் பற்றுகின்றன, குத்து வரும்போது நகங்கள் வெளுக்கின்றன. தோளுக்கு மேல் எதுவும் மாறக்கூடாது. பக்க விளக்கு ஒன்றை நாற்காலிக் கை உயரத்தில் வைத்தால் 12-ஆவது வரிசைக்கும் அந்த விரல்கள் தெரியும்.

குத்தும் இடத்தில் பாதுகாப்பு: இருவருக்கும் நடுவே நீட்டிய கையின் நீளமும் மேலே ஒரு சாணும். குத்து காதுக்கு அப்பால், பின்மேடைப் பக்கமாகக் கடந்து போக வேண்டும். இதை அரை வேகத்தில் பழகிவிட்டுத்தான் முழு வேகம்.

அறையில் லிங்கன் படமும் விளக்கு எரியும் மீன்தொட்டியும் உண்டு. தொட்டி அருமையான ஒளிமூலம். ஆனால் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியிலேயே 56 லிட்டர் பிடிக்கும், அதாவது 56 கிலோ. காட்சி மாற்றத்தில் யாரும் தூக்க முடியாது. அக்ரிலிக் பெட்டி, உள்ளே எல்.இ.டி. பட்டை, பச்சை கலந்த நீலத் தாள். சுருட்டைப் பற்றவைக்க வேண்டாம். ரிக்கி அதைக் கடித்து மென்றபடியே பேசுகிறவர், பற்றாத சுருட்டே பொருத்தம்.

நடைபாதை_நாடகம்

ஏட்டுச்சுருள் சொன்னதில் ஒரு மறுப்பு. அந்தக் காட்சிக்கு 25 நிமிடம் கொடுத்தால் நாடகம் ரிக்கியுடையதாகிவிடும். பெரியவர் ஒருவர் மனமிரங்கிக் கதவைத் திறந்தார் என்ற கதை மிஞ்சும். அந்தக் கதவைப் பல ஆண்டுகளாக முட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்கே?

1943 டிசம்பர் 3 அன்று, பாடகரும் நடிகருமான பால் ராப்சனும் கறுப்பினப் பத்திரிகை உரிமையாளர்களும் நியூயார்க்கில் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸையும் அணி முதலாளிகளையும் நேரில் பார்த்து வாதாடினார்கள். 1945 ஏப்ரல் 16 அன்று கறுப்பினப் பத்திரிகையான பிட்ஸ்பர்க் கூரியரின் செய்தியாளர் வெண்டெல் ஸ்மித், ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ் மூவரையும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ஃபென்வே பார்க்கில் திறன் தேர்வுக்கு அழைத்துப் போனார். நன்றாக ஆடினார்கள், அழைப்பு வரவேயில்லை. அந்த ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பின ஆட்டக்காரரைக் களமிறக்கியது 1959-இல். எல்லா அணிகளுக்கும் கடைசி.

இன்னொன்று பணம். கறுப்பினத்தவருக்கென்று இருந்த நீக்ரோ லீகில் ராபின்சனை ஆடவைத்திருந்த கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு சல்லிக்காசு தரவில்லை. அதே லீகின் நியூவார்க் ஈகிள்ஸ் அணியிலிருந்து டான் நியூகோம்பை எடுத்தபோதும் இல்லை. அந்த அணியின் உரிமையாளர் எஃபா மேன்லி 1947-இல் தன் ஆட்டக்காரர் லேரி டோபிக்காக கிளீவ்லாந்து அணியிடம் வாதாடி 15,000 டாலர் வாங்கினார். ஐந்து நிமிடம் போதும், ஒரு தொலைபேசி, ஒரு பெண், ஒரு கணக்குப் புத்தகம். தடை உடைந்ததற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். 1946-இல் நீக்ரோ உலகத் தொடரை வென்ற ஈகிள்ஸ், 1948-இல் விற்கப்பட்டது.

ஏட்டுச்சுருள்

நியாயமான மறுப்பு. அப்படியென்றால் கதைசொல்லியாக வெண்டெல் ஸ்மித்தை வையுங்கள். விதிகளை விளக்கும் சிக்கலும் அதோடு தீரும். தோல் நிறம் காரணமாக அவருக்குப் பத்திரிகையாளர் பகுதியில் இடமில்லை, பார்வையாளர் வரிசையில் மடியில் தட்டச்சுப்பொறியை வைத்து எழுதினார். பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் அவரைச் சேர்த்தது 1948-இல். அந்த மடியும் தட்டச்சுப்பொறியும் முன்மேடையின் இடது மூலையில் கடைசிவரை இருக்கட்டும். நம் கட்டியங்காரன் செய்கிற வேலைதான், ஆனால் இவர் கதைக்குள் தானும் மாட்டிக்கொண்டவர்.

விதிகளில் மூன்றே மூன்று சொன்னால் போதும். ஓடுபவர் பேஸைத் தொட்டிருக்கும்வரை அவரை அவுட் ஆக்க முடியாது. பேஸை விட்டு விலகியிருக்கும்போது பந்தோடு தொட்டால் அவுட். நான்காவது பேஸைத் தொட்டால் ஒரு ரன். கிரிக்கெட் தெரிந்தவருக்கு முதல் இரண்டும் கிரீஸுக்கு உள்ளே வெளியே என்றாலே விளங்கிவிடும். ஸ்ட்ரைக், பால், ஃபவுல் எதற்கும் போகாதீர்கள்.

சொற்கிடங்கு

வசைகளுக்கு வருவோம். 1947 ஏப்ரல் 22 அன்று பிலடெல்ஃபியா ஃபில்லீஸ் மேலாளர் பென் சாப்மனும் அவர் ஆட்களும் டக்அவுட்டிலிருந்து கத்தியது வரலாற்றுப் பதிவு. அந்த ஆங்கில வசைக்குத் தமிழில் நேர்ச்சொல் இல்லை. இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று, ‘கருப்பா’ என்று வைப்பது. தமிழில் அது செல்லப் பெயர், சாமி பெயர். வசையின் பல் விழுந்துவிடும். இன்னொன்று, அதற்குப் பதிலாகச் சாதி வசை ஒன்றை வைப்பது. சூடு இருக்கும், ஆனால் அரங்கில் உட்கார்ந்திருக்கிற ஒருவரை அவர் அனுமதியின்றி அடித்துவிடுகிறீர்கள். கதையும் புரூக்ளினை விட்டு நகர்ந்துவிடும்.

வழி இருக்கிறது. வசைச்சொல்லை விட்டு, வசையின் உள்ளடக்கத்தைப் பிடியுங்கள். ‘பருத்திக் காட்டுக்கே திரும்பிப் போடா’ என்ற பொருளில் கத்தியது பதிவாகியிருக்கிறது. அது தமிழில் அப்படியே குத்தும். குரல்கள் மேடையிலிருந்து வரக்கூடாது, பார்வையாளருக்குப் பின்னாலிருந்து வரட்டும். மூன்று குரல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நடுவே இரண்டு விநாடி அமைதி விட்டு. அமைதியில்தான் வலிக்கும். கடைசியில் அணித்தோழர் எடி ஸ்டாங்கி எழுந்து எதிர்த்துக் கத்துவதை விட்டுவிடாதீர்கள். தன்னால் திருப்பிப் பேச முடியாதவனுக்காக முதல் வாய் திறந்த இடம் அது.

ஆங்கிலத்தில் கிடைக்காத ஆயுதம் ஒன்று நமக்கு இருக்கிறது, அதுதான் மரியாதை விகுதி. அறைக் காட்சியில் ரிக்கி ‘உட்காருங்க’ என்று தொடங்கட்டும். விடுதி எழுத்தராக மாறும்போது ‘உனக்கெல்லாம் இங்க ரூம் இல்ல’. குத்தவரும்போது ‘டேய்’. நடிப்பு முடிந்ததும் ‘நீங்க’ என்று திரும்பக்கூடாது, ‘நீ’ என்று வர வேண்டும். ஆனால் இந்த ‘நீ’ அப்பா மகனைக் கூப்பிடுகிற ‘நீ’. ராபின்சன் தொடக்கம் முதல் ‘மிஸ்டர் ரிக்கி’தான். அவர் கடைசிவரை அப்படித்தான் அழைத்தார். இவர் ‘நீ’ என்கிறார், அவர் ‘நீங்க’ என்கிறார். அன்பும் ஏற்றத்தாழ்வும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. நடைபாதை_நாடகம் எழுப்பிய கேள்வியும் அதற்குள்ளேயே கேட்கும்.

‘நீக்ரோ லீக்’ என்பதை அப்படியே வையுங்கள், அது வரலாற்றுப் பெயர். கதைசொல்லி பேசும் இடங்களில் ‘கறுப்பினத்தவர்’.

நடைபாதை_நாடகம்

யாரும் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். முகத்தில் கறுப்பு மை பூசாதீர்கள். அமெரிக்க மேடையில் வெள்ளையர் மை பூசிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்த நீண்ட வரலாறு இருக்கிறது. இந்தக் கதையில் அதையே செய்வது கதைக்கு நேர் எதிர். வெள்ளை மாவும் வேண்டாம். எட்டு நடிகரும் அவரவர் நிறத்திலேயே இருக்கட்டும். வேறுபாட்டை இடத்தால் காட்டுங்கள். உடைமாற்றும் அறையில் ஏழு ஆணிகளில் ஏழு சட்டைகள், எட்டாவதற்கு ஆணி இல்லை. மடித்த நாற்காலி ஒன்றில் அவர் சட்டை. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே எல்லாம் விளங்கும்.

இரண்டாம்_தளம்

பிரதியில் பீ வீ ரீஸ் தோளில் கை போடும் காட்சி இருக்கிறதா? சின்சினாட்டி ரசிகர்கள் கத்த, அணித்தோழர் ரீஸ் நடந்துவந்து ராபின்சன் தோளில் கை வைத்தார் என்பது. புரூக்ளினில் அதற்குச் சிலையே இருக்கிறது. ஆனால் நடந்தது 1947 சின்சினாட்டியிலா, 1948 பாஸ்டனிலா என்பதிலேயே சொன்னவர்கள் வேறுபடுகிறார்கள். அன்றைய நாளிதழ்களில் அது வரவில்லை. தேதி போட்டுக் காட்டாதீர்கள். வேண்டுமானால் நினைவாக, இருவர் சொல்லும் இரண்டு வடிவமாக வையுங்கள்.

அதற்குப் பதில் 1947 ஆகஸ்ட் 20 வையுங்கள். முதல் பேஸில் நிற்கும் ராபின்சனின் குதிகாலை கார்டினல்ஸ் அணியின் ஈனோஸ் ஸ்லாட்டர் ஸ்பைக்ஸால் மிதித்தார். இரண்டு நடிகர், ஒரு பேஸ், ஒரு கால். மெதுவாகச் செய்தால் போதும். முதல் காட்சியில் ரிக்கி நடித்துக் காட்டியது இங்கே உண்மையாகவே நடக்கிறது. நாற்காலிக் கைப்பிடியில் பார்த்த அதே விரல்கள் இப்போது கிளவுக்குள் மடங்குகின்றன.

அரங்கமணி

ஹோம் ரன் முடிவை எடுத்துவிட்டேன். கதைசொல்லி வெண்டெல் ஸ்மித். மேன்லி காட்சி உறுதி. ரிக்கி காட்சியை 20 நிமிடமாகக் குறைக்கிறேன். சுகெஃபோர்த்தாக நடிப்பவரை 1947 முதல் ஆட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா? எட்டு நடிகர் போதவில்லை.

ஏட்டுச்சுருள்

தாராளமாக, அவராகவே வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் லியோ டுரோஷரை ஆணையர் ஏப்ரல் 9 அன்று ஓராண்டுக்கு நீக்கிவிட்டதால், முதல் இரண்டு ஆட்டங்களுக்கு டாட்ஜர்ஸை நடத்தியவர் சுகெஃபோர்த்தான். அறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மனிதரே டக்அவுட்டில் பெயர்ப் பட்டியலை நீட்டுகிறார்.

நடைபாதை_நாடகம்

முடிவுக்கு 1972 அக்டோபர் 15 எடுத்துக்கொள்ளுங்கள். சின்சினாட்டி, உலகத் தொடர். ராபின்சனுக்கு 53 வயது, தலை நரைத்துவிட்டது, சர்க்கரை நோயில் பார்வை மங்கிவிட்டது. 25 ஆண்டு நிறைவுக்காகப் பாராட்டுகிறார்கள். நன்றி சொல்லிவிட்டு, மூன்றாம் பேஸ் பக்கம் பார்க்கும்போது ஒரு கறுப்பின மேலாளர் முகத்தைக் காண விரும்புவதாகச் சொல்கிறார். ஒன்பது நாளில் இறந்துவிட்டார். முதல் கறுப்பின மேலாளர் ஃபிராங்க் ராபின்சன் வந்தது 1975-இல்.

இரண்டாம்_தளம் வரைந்த மேடைப்படி மூன்றாம் பேஸ் பார்வையாளருக்கு இடப்பக்கம். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும். அங்கே ஸ்பாட் விழ வேண்டும், ஆள் இருக்கக்கூடாது. ஐந்து விநாடி வைத்திருந்து அணையுங்கள். டிம்மரில் மெதுவாக இறக்காமல் ஒரேயடியாக.

ஒலிமேடை

அந்த ஐந்து விநாடியில் இசை வேண்டாம். ஹில்டாவின் மாட்டு மணி ஒரு முறை, தூரத்திலிருந்து. பின்வரிசை ஸ்பீக்கரில் மட்டும் விடுங்கள், மேடை ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள்.